அவன் உண்மையா என்ன சொல்றான், தம்பி?

தங்கை கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளில் பதினொன்றுக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டியிருந்தது. மிஷினில் அடித்தால் பட்டில் சுருக்கம் விழும், கையால்தான் தைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா முகாமில் இருந்து வந்தார். மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டில் இருந்து முகாம் நடை தூரம்தான். 2021-இல் அரசு அதன் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. எங்கள் தெருவில் அப்போதும் இப்போதும் அது வெறும் முகாம். காய்கறி வண்டிக்காரரும் முகாம் என்பார், ஆட்டோக்காரரும் முகாம் என்பார். அந்த ஒற்றைச் சொல் அன்று மாலை என் வாயில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. அக்கா ஹாலில் பாய் விரித்து, காலை நீட்டி, அரக்கு நிறச் சேலையை மடியில் பரப்பி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று விடுமுறை. ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். ரொபெர்தோ பெனினி இயக்கி நடித்த இத்தாலியப் படம், 1997-இல் வந்தது. போடுவதற்கு முன் அக்காவிடம் சொன்னேன்: “இது போர்க்காலப் படம் அக்கா. முதல் பாதி சிரிப்பா இருக்கும், அப்புறம் அப்படி இருக்காது. வேண்டாம்னா வேற போடுறேன்.”

“போடுங்கோ தம்பி. கைதானே வேலை செய்யுது, காது சும்மாதானே இருக்கு” என்றார்.

அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. படத்தில் இத்தாலிய மொழி, கீழே ஆங்கில எழுத்து. ஆகவே நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தப் படத்தை அதற்கு முன் நான்கு தடவை பார்த்திருப்பேன். இன்னொருவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பார்த்தது அதுதான் முதல் தடவை.

படம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1939. இத்தாலியில் அரெஸ்ஸோ என்கிற ஊருக்குப் பிழைக்க வருகிறான் குயிதோ, யூதன். மாமா வேலை பார்க்கும் ஹோட்டலில் சர்வர் வேலை. டோரா என்ற பள்ளி ஆசிரியையைப் பார்க்கிறான், காதலிக்கிறான், வேறொருவனோடு நடக்கும் நிச்சயதார்த்த விருந்தில் இருந்து அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். அந்தக் குதிரை மேல் யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்து, இது யூதக் குதிரை என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் சில ஆண்டுகள் கடந்து, அவர்களுக்கு ஜொஸ்வே என்று ஒரு சிறுவன். ஒருநாள் குயிதோவையும் மாமாவையும் பையனையும் ரயிலில் ஏற்றுகிறார்கள். டோரா யூதப் பெண் இல்லை, அவளை யாரும் கூப்பிடவில்லை. என்னையும் ஏற்றுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டு அவளும் ஏறுகிறாள். முகாமுக்குள் போனதும் குயிதோ மகனிடம், இது ஒரு விளையாட்டுப் போட்டி, ஆயிரம் புள்ளி எடுத்தால் நிஜமான பீரங்கி வண்டி பரிசு என்று சொல்லிவிடுகிறான். கடைசி வரை அந்த விளையாட்டைக் காப்பாற்றுவதுதான் அவன் வேலை.

முதல் ஒரு மணி நேரத்தை வெறும் சிரிப்பு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தாலியில் இனச் சட்டங்கள் வந்தது 1938-இல். யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் இருந்து வெளியேற்றினார்கள், யூதர் அல்லாதவரைக் கல்யாணம் செய்வதைத் தடுத்தார்கள். அந்தச் செய்தி எல்லாம் முதல் பாதியில் சிரிப்புக்கு நடுவில் நழுவி நழுவி வருகிறது. ரோமில் இருந்து வரும் ஆய்வாளராக நடித்துப் பள்ளிக்குள் நுழையும் குயிதோ, மேஜை மேல் ஏறி நின்று தன் காதையும் தொப்புளையும் காட்டி, உயர்ந்த இனத்தின் அழகைப் பாருங்கள் என்கிறான். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்த விருந்துக் காட்சி. ஜெர்மனியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு கணக்கைத் தலைமையாசிரியை வியந்து சொல்கிறார். ஒரு நோயாளிக்கு அரசுக்கு ஒரு நாளைக்குச் சராசரி நான்கு மார்க் செலவு, அப்படி மூன்று லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களைத் தீர்த்துவிட்டால் எவ்வளவு மிச்சம்? இந்த வயதில் இவ்வளவு கடினமான கணக்கா என்பதுதான் அந்த அம்மாவின் ஆச்சரியம். நான் இதைத் தமிழில் சொன்னபோது அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் இருந்து இறங்குகிறார்கள். “இது எந்த இடம்?” என்றார் அக்கா. இங்கேதான் நான் தடுமாறினேன். கண் சிகிச்சைக்கு முகாம் என்கிறோம், ரத்த தானத்துக்கு முகாம் என்கிறோம், என்எஸ்எஸ் பிள்ளைகள் கிராமத்தில் பத்து நாள் தங்கினால் அதுவும் முகாம். யூதர்களைக் கொன்ற இடத்துக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லை, முகாமில் இருந்து நடந்து வந்து என் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? வேறு வார்த்தை தேடி இரண்டு வசனத்தை விட்டுவிட்டேன். அவரே சொன்னார்: “முகாம்தானே தம்பி. சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு படத்தின் மிகவும் புகழ்பெற்ற காட்சி. கொட்டடிக்குள் ஒரு ஜெர்மானிய அதிகாரி நுழைந்து, ஜெர்மன் தெரிந்தவர் யார் என்கிறான். குயிதோவுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. கையைத் தூக்கிவிடுகிறான். அதிகாரி கத்தக் கத்த இவன் பக்கத்தில் விறைப்பாக நின்று, அதே கோபக் குரலில், மகனைப் பார்த்து விளையாட்டின் விதிகளைச் சொல்கிறான். அழுதால் புள்ளி போச்சு. அம்மாவைப் பார்க்கணும் என்றால் புள்ளி போச்சு. பசிக்கிறது, தின்பண்டம் வேணும் என்று கேட்டாலும் போச்சு. சுற்றி நிற்கும் கைதிகள் விழிக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவன் பொய்யாக மொழிபெயர்க்கிறான், அந்தப் பொய்யை நான் நிஜமாக மொழிபெயர்க்க வேண்டும். நானும் அவன் மாதிரியே குரலை உயர்த்திச் சொன்னேன். எப்போதும் இந்தக் காட்சியில் சிரித்துவிடுவேன், அன்றும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஊசி சேலையில் பாதி ஏறி நின்றது.

“அவன் உண்மையா என்ன சொல்றான், தம்பி?”

“யாரு?”

“அந்த ஆமிக்காரன்.”

எனக்குத் தெரியவில்லை. நான் வைத்திருந்த பிரதியில் ஜெர்மன் பேச்சுக்குக் கீழே எழுத்து வராது. நான்கு முறை பார்த்தும் அந்த அதிகாரி நிஜத்தில் என்ன சொன்னான் என்று நான் ஒருதரம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. தெரியாது அக்கா என்றேன். படத்தை நிறுத்தச் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். அக்கா மன்னார்த் தீவில் பிறந்தவர். 1990-இல் படகில் ராமேஸ்வரம் கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு மதுரைக்கு அனுப்பப்பட்ட குடும்பம். முப்பத்தைந்து வருஷத்தில் பேச்சில் பாதி மதுரையாகிவிட்டது. அன்று முழுக்க மன்னார் வந்தது.

எண்பத்தாறாம் வருஷம் இருக்கும், அவருக்கு ஒன்பது வயது. ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, எல்லாரையும் கோயில் வளவுக்குள் கூட்டி உட்கார வைக்கும். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருப்பான். ஆண்கள் வரிசையாக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலை ஆடினால் அந்த ஆள் தனியாகப் போய்விடுவார். ஊரில் ஒருத்தருக்குத்தான் நல்ல சிங்களம் தெரியும், கொழும்பில் கடையில் நின்றவர், அக்காவுக்கு மாமா முறை. ஆமிக்காரன் சிங்களத்தில் கத்துவான், மாமா தமிழில் சொல்வார். அவன் நீளமாகக் கத்துவான், இவர் சுருக்கமாகச் சொல்வார். “எல்லாரையும் நிழலுக்கு வரட்டாம். பிள்ளையள் முன்னுக்கு இருக்கட்டாம். பயப்பிட வேணாமாம், கணக்கெடுக்கத்தானாம்.”

“அவன் அப்படிச் சொல்லேல்ல தம்பி. அதில ரெண்டு மூண்டு தூஷண வார்த்தை எனக்கே தெரியும். பெடியள் பழக்கி வச்சிருந்தவை. அவன் எங்கட அம்மாமாரைச் சொல்லித்தான் கத்தினவன். மாமா அதை விட்டுட்டுச் சொன்னவர்.”

“நீங்க சின்னப் பிள்ளை. பொய்னு தெரிஞ்சப்ப பயமா இல்லையா?”

“தெரியாத மாதிரி இருந்தன். எல்லாப் பிள்ளையளும் அப்படித்தான் இருந்ததுகள். மாமா எங்களைப் பார்த்துச் சிரிச்சார், நாங்களும் சிரிச்சம். நாங்க சிரிச்சாத்தானே அவருக்கு அதில நிக்க ஏலும்?”

இதைச் சொல்லிவிட்டு, “போடுங்கோ, மழை விடப் போகுது” என்றார்.

இருபது வருஷமாக இந்தப் படத்தைப் பற்றி நான் மாற்றி மாற்றி நினைத்து வந்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய விசிடியில் பார்த்து, விடுதி அறையில் அழுதேன். அந்த வயதுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த பிறகு படம் என்னிடம் இருந்து விலகிப்போனது. 1943 அக்டோபர் 16 அன்று ரோம் நகரில் யூதர்களை வளைத்துப் பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஜெர்மானியரின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் 16 பேர். ஆஷ்விட்சில் சின்னப் பிள்ளைகளைப் பெரும்பாலும் இறங்கிய அன்றே கொன்றார்கள். அப்படி இருக்க, கொட்டடியில் ஒரு பையனை ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்டுவதா? சார்லி சாப்ளின் ஹிட்லரைக் கேலி செய்து 1940-இல் படம் எடுத்தார். முகாம்களில் நடந்த கொடூரம் முழுதும் அன்றே தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். தெரியாதபோது எடுத்தவரே அப்படிச் சொல்கிறார், எல்லாம் தெரிந்த பிறகு பெனினி எப்படி எடுக்கலாம் என்று நண்பர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். 1999-இல் ஆஸ்கர் மேடைக்கு அவர் நாற்காலிகள் மேல் ஏறிப் போனதைப் பார்த்து எரிச்சல்கூடப் பட்டேன். சிறந்த நடிகர், சிறந்த வெளிநாட்டுப் படம், இசை என்று மூன்று விருது அந்தப் படத்துக்கு.

அப்புறம் தெரிந்துகொண்டவை கொஞ்சம் இளக வைத்தன. பெனினியின் அப்பா உலகப் போரில் ஜெர்மானியரின் முகாமில் அடைபட்டுக் கிடந்து திரும்பியவர். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று அந்த நாட்களை வேடிக்கை கலந்து வீட்டில் சொல்வாராம். பிள்ளைகள் உயிரோடு தப்பியதும் முழுக்கக் கற்பனை அல்ல. 1945 ஏப்ரல் 11 அன்று புகென்வால்ட் முகாமுக்குள் அமெரிக்கப் படை நுழைந்தபோது அங்கே சுமார் 900 சிறுவர்கள் உயிரோடு இருந்தார்கள். மற்றக் கைதிகள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பிள்ளைகள் அவர்களில் பலர்.

ஆனாலும் ஒரு கேள்வி நெருடிக்கொண்டே இருந்தது. அந்தப் பையன் நிஜமாகவே நம்பினானா? ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்குப் பசி தெரியாதா, அப்பா உடம்பின் நடுக்கம் தெரியாதா? படத்தின் பெரிய ஓட்டை அது என்றுதான் வைத்திருந்தேன். அக்கா சொன்ன பிறகு மீதிப் படத்தைப் பார்க்கும்போது நான் அப்பாவைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தேன்.

பாருங்கள். பையன் ஒருநாள் அப்பாவிடம் வந்து, நம்மை வைத்துப் பொத்தானும் சோப்பும் செய்கிறார்களாம், அடுப்பில் போட்டு எரிக்கிறார்களாம் என்கிறான். யாரோ அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டிருக்கிறான். அதாவது அவனுக்கு விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. குயிதோ சிரித்து, அதை நம்பிவிட்டாயா என்று கேலி செய்கிறான். இன்னொரு நாள் வீட்டுக்குப் போகலாம் என்று பையன் அடம் பிடிக்க, சரி கிளம்பு, நாமதான் முன்னணியில் இருந்தோம், பரவாயில்லை, என்று குயிதோ கதவு வரை போகிறான். வெளியே காவல். பையன்தான், வேண்டாம், இருப்போம் என்ற பக்கம் திரும்புகிறான். முன்பெல்லாம் அதை அப்பாவின் சாமர்த்தியம் என்று பார்த்தேன். இப்போது அந்தச் சிறுவன் முகத்தில் வேறொன்று தெரிகிறது. அப்பா கஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கலைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

படத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் ஒரு குரல். அது வளர்ந்துவிட்ட அந்த மகனின் குரல் என்று முடிவில்தான் தெரியும். என் அப்பா எனக்குக் கொடுத்தது இது என்கிறான். ஏமாந்தவன் பேச்சு இல்லை அது. எப்போதோ புரிந்துகொண்டவன் பேச்சு.

அம்மா ஊர் மேலூர்ப் பக்கம். சின்ன வயதில் திருவிழாவுக்குப் போனால் விடிய விடிய நாடகம் பார்ப்போம். அரிச்சந்திர மயான காண்டத்தில், பாம்பு தீண்டிச் செத்த லோகிதாசனைச் சந்திரமதி சுமந்து வருவாள், கட்டணம் கட்டாமல் எரிக்க முடியாது என்று கணவனே மறிப்பான். பெண்கள் பக்கம் தேம்பல் கேட்கும். அதற்கு முன் ராத்திரி முழுக்க நட்சத்திரேசன் கடன் கேட்டு அரிச்சந்திரனைப் படுத்தும் பாட்டுக்கு அதே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். சிரிப்பும் அழுகையும் ஒரே மேடையில் இருப்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு என்னும் உணர்ச்சி வெளிப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது நகையை முதலிலும் அழுகையை அதை ஒட்டியும்தான் வைக்கிறார். ஆனால் நம் நாடகத்தில் அழுகிறவர் ஒருவர், சிரிக்க வைப்பவர் இன்னொருவர். அரிச்சந்திரன் சிரிக்க வைப்பதில்லை. இந்தப் படத்தில் யாருக்கு அடி விழுகிறதோ அவனே சிரிக்க வைக்கவும் வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரே நேரத்தில். அது ஒரு கூலி இல்லாத உடலுழைப்பு. இரும்புப் பட்டறையில் பகல் முழுக்கச் சுமந்துவிட்டு வந்து, முதுகை நிமிர்த்த முடியாமல் நிற்கும்போதும், இன்று நமக்கு எத்தனை புள்ளி தெரியுமா என்று அவன் ஆரம்பிக்கும் இடத்தில் அக்கா “பாவம், களைச்சுப்போனான்” என்றார்.

நகை நான்கு காரணத்தால் பிறக்கும் என்றும் தொல்காப்பியம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்தப் படம் யூதப் பேரழிவை எள்ளுகிறது என்பதுதான் நானும் சொல்லி வந்த குற்றச்சாட்டு. முகாமுக்குள் வரும் சிரிப்பில் எள்ளல் ரொம்பக் குறைவு. பெரும்பகுதி இளமை, ஒரு பிள்ளையின் உலகத்துக்குள் நின்று வருவது.

எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. பசி படத்தில் சரியாக இல்லை. குயிதோ இளைக்கவே மாட்டான். மூடுபனியில் பையனைத் தோளில் போட்டு வழி தவறி நடந்து, பிணக்குவியல் முன் போய் நிற்கும் இடமும் ஓவியத் திரை மாதிரி இருக்கிறது. கண்ணை அங்கிருந்து சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டாக்டர் காட்சிக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். ஹோட்டலில் குயிதோவோடு விடுகதை போட்டு விளையாடிய ஜெர்மன் டாக்டர் முகாமில் அதிகாரியாக வருகிறார். குயிதோவை அடையாளம் கண்டு, ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்கிறார். காப்பாற்றப் போகிறார் என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். டாக்டர் குனிந்து, கண்ணீரோடு, தனக்கு விடை தெரியாத ஒரு விடுகதையைச் சொல்லி, உதவி செய், தூக்கமே இல்லை என்கிறார். குயிதோவின் முகம் அப்போது என்ன ஆகிறது என்று எழுத எனக்கு வரவில்லை. அவன் வாயில் ஒரு பதிலும் இல்லாத ஒரே இடம் அதுதான்.

கடைசியில் பையனை ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு மனைவியைத் தேடப் போன குயிதோ பிடிபடுகிறான். துப்பாக்கி முனையில் பெட்டியைத் தாண்டி நடக்கும்போது மகனைப் பார்த்துக் கண் சிமிட்டி, பொம்மைச் சிப்பாய் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறான். சந்துக்குள் போகிறார்கள். சத்தம் மட்டும் கேட்கிறது. அக்கா அந்த நடையை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பெட்டியின் துவாரத்தில் தெரியும் பையன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா என்ன ஆனார்?” என்று கேட்டேன்.

“ஒருநாள் தலையாட்டி அவருக்கும் ஆட்டிட்டான்” என்றார். அன்று மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் ஆமிக்காரன் என்ன சொன்னான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

ஏழு சேலை முடிந்திருந்தது. மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து முடித்த சேலைகளோடு வந்தார், கூடவே மகள். மதுரையில் பிறந்த பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் வருஷம், பேச்சில் அம்மாவின் ஊர் துளியும் கிடையாது. “அந்தப் படத்தை இவளுக்குப் போட்டுக் காட்டுங்கோ தம்பி. நீங்க சொல்ல வேணாம், இந்த முறை நான் சொல்றன்” என்றார் அக்கா. நான் போட்டுவிட்டுப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்கா நினைவில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். பெயர்கள் மாறின, சில இடங்களில் கதையே முன்பின் ஆனது. கொட்டடிக் காட்சி வந்தது. அதிகாரி கத்தினான், குயிதோ கையைத் தூக்கினான். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி சொன்னார்: “எல்லாரையும் நிழலுக்கு வரட்டாம். பிள்ளையள் முன்னுக்கு இருக்கட்டாம். பயப்பிட வேணாமாம்.”

கீழே ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் அதன் மேல் இடமிருந்து வலமாகப் போய் வந்தன. ஒரு தடவை அம்மா பக்கம் திரும்பினாள். “அப்புறம் என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டாள்.